ஜெர்டன் கல்குருவி: ஒரு பறவையை அடையாளம் கண்ட வரலாறு

ஜெர்டன் கல்குருவி ஆந்திரப் பிரதேசத்தின் முட்புதர்க் காடுகளில் வாழும் தரைப்பறவை. உலகில் வேறெங்கும் இது இருப்பதாக உறுதியான சான்று இன்று இல்லை. இதன் அறிவியல் பெயர் ரைனோப்டிலஸ் பைடார்குவேட்டஸ். கடப்பா மாவட்ட மக்கள் இதைக் 'கலிவிக்கோடி' என்பர். கலிவி என்பது நாம் களா என்று சொல்லும் முட்செடி. கோடி என்றால் தெலுங்கில் கோழி. களாப்புதரடியில் திரியும் கோழி என்பது பெயரின் பொருள்.

இப்பறவை 1848-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 1900-க்குப் பிறகு 86 ஆண்டுகள் யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். 1986-இல் மீண்டும் கிடைத்தது. ஒரு பறவையை அடையாளம் காண இறகின் நிறம், வாழிடம், குரல் ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும் என்று பறவை நூல்கள் சொல்லும். இந்தப் பறவையின் கதையில் அம்மூன்றும் முழுமையாகக் கைவர 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதையும் இக்கட்டுரை எடுத்துச் சொல்கிறது.

தோற்றம்

ஜெர்டன் கல்குருவி ஏறத்தாழ 27 செ.மீ. நீளம் உடையது. உருவத்தில் ஆள்காட்டிக் குருவியை ஒத்திருக்கும். அதைவிடச் சற்றுச் சிறியது. உடலின் மேற்புறம் மண்ணின் பழுப்பு நிறம். உச்சந்தலை கரும்பழுப்பு, அதன் நடுவே மெல்லிய வெண்கோடு ஓடும். கண்ணுக்கு மேலே அகன்ற வெளிறிய புருவப்பட்டை உண்டு. தொண்டையில் செம்பழுப்பு நிறத் திட்டு இருக்கும். மார்பின் குறுக்கே இரண்டு பட்டைகள் வளையம் போட்டது போல் அமைந்திருக்கும். இவையே இப்பறவையின் முதன்மை அடையாளம். 'பைடார்குவேட்டஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'இரண்டு கழுத்து வளையங்கள் உடையது' என்று பொருள்.

அலகு குட்டையானது, அடி மஞ்சள், நுனி கறுப்பு. கால்கள் நீண்டு வெளிர்மஞ்சளாக இருக்கும். பறக்கும்போது கருஞ்சிறகில் வெள்ளைத் திட்டும், கறுத்த வாலுக்கு மேலே வெண்ணிறமும் தெரியும். ஆயினும் இது பறப்பது குறைவு. ஆபத்து வந்தால் புதர்களுக்கிடையே ஓடி மறைவதே வழக்கம். கண்கள் உடலளவை நோக்கப் பெரியவை. பெரிய கண்கள் இரவில் இயங்கும் பறவைக்கு உரியவை. இந்தக் குறிப்பு முதல் நாளிலிருந்தே எல்லோர் கண்முன்னும் இருந்தது. அதன் பொருள்தான் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது.

முதல் பதிவு: 1848

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் (1811–1872) சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஆங்கிலேயர். 1836-இல் இந்தியா வந்தார். பணி நிமித்தமாகத் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் தங்கி, சென்ற இடமெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். இந்திய ஓவியர்களைக் கொண்டு பறவைப் படங்கள் வரையச் செய்து 1843 முதல் 1847 வரை சென்னையில் நூலாக அச்சிட்டார்.

நெல்லூர்ப் பகுதியில் பணியாற்றியபோது கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து இரண்டு மார்புப் பட்டைகள் கொண்ட ஒரு பறவை அவருக்குக் கிடைத்தது. அதைக் கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், புதிய இனம் என்று 1848-இல் விவரித்து எழுதினார். ஆங்கிலத்தில் அது ஜெர்டன் பெயரால் வழங்கலாயிற்று.

1862 முதல் 1864 வரை வெளிவந்த 'இந்தியப் பறவைகள்' என்ற தம் பெருநூலில் ஜெர்டன் இதைப் பற்றிச் சில வரிகளே எழுதினார். நெல்லூர், கடப்பாப் பக்கத்து மலைநாட்டில், பாறையும் மேடுபள்ளமுமான நிலத்தில், அடர்த்தி குறைந்த காட்டில் இது வாழ்கிறது. சிறு கூட்டமாகத் திரிகிறது. அதிகம் கத்துவதில்லை, எப்போதாவது சோகமான குரல் எழுப்புகிறது என்பது அவர் தரும் செய்தி. 'அடவி' (காடு) என்ற சொல்லில் தொடங்கும் ஒரு தெலுங்குப் பெயரையும் அவர் குறித்துவைத்தார்.

இறகு, இடம், குரல் என்ற மூன்றையும் ஜெர்டன் தொட்டுச் சென்றிருப்பதை வாசகர் கவனிக்கலாம். ஆனால் ஒரு முக்கியச் செய்தி அதில் இல்லை. இந்தப் பறவை எந்த நேரத்தில் வெளியே வரும் என்பதே அது.

காணாமற்போன காலம்: 1900–1986

ஜெர்டனுக்குப் பிறகு நிலவியலாளர் வில்லியம் தாமஸ் பிளான்போர்ட் கோதாவரிப் பள்ளத்தாக்கில், சிரோஞ்சா, பத்ராசலம் பகுதிகளில் இதைப் பதிவு செய்தார். 1900-இல் அனந்தப்பூர் அருகே ஹோவர்ட் கேம்ப்பெல் ஒரு பதிவு செய்தார். பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கு முதல் கோதாவரிப் பள்ளத்தாக்கு வரை இது பரவி இருந்திருக்கிறது என்பது இவற்றால் தெரிகிறது. 1900-க்குப் பின் நூலில் மட்டுமே இருக்கும் பறவையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் இதைத் தேடாமல் இல்லை. பழைய பதிவுகள் கிடைத்த ஊர்களுக்குச் சென்று தேடினர், கிடைக்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, தேடிய நேரம். கல்குருவி இனத்தில் நம் நாட்டில் பலரும் அறிந்தது இந்தியக் கல்குருவி. அது பகலில் திறந்த தரிசு நிலத்தில் ஓடியாடி இரை தேடும். அதன் உறவுப் பறவையும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஜெர்டன் கல்குருவி பகல் முழுவதும் புதரடியில் அசையாமல் ஒடுங்கியிருக்கும். மண்ணிறம் கொண்ட பறவை மண்மேல் அசையாமல் கிடந்தால் பத்தடி தூரத்தில் நடப்பவர் கண்ணுக்கும் தெரியாது.

இரண்டாவது, கேட்ட ஆட்கள். இரவில் காட்டுக்குள் செல்பவர்கள் ஆடு மேய்ப்பவர்களும், விறகு வெட்டுபவர்களும், சிறு விலங்கு பிடிப்பவர்களுமே. அவர்களுக்கு இந்தப் பறவை தெரிந்திருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது. நூலறிவும் ஊரறிவும் ஒன்றையொன்று சந்திக்காமலே பல பத்தாண்டுகள் கழிந்தன.

மீண்டும் கிடைத்தது: 1986

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் அழிவின் விளிம்பிலுள்ள பறவைகளைப் பற்றி ஆய்வு தொடங்கியபோது, பரத் பூஷண் என்ற இளம் ஆய்வாளர் இப்பறவையைத் தேடும் பணியை மேற்கொண்டார். அவர் பறவையின் படத்தைக் கடப்பா மாவட்டச் சிற்றூர்களில் மக்களிடம் காட்டி விசாரித்தார். கலிவிக்கோடி என்ற பெயர் வந்தது. இது இரவில் திரியும் பறவை என்ற செய்தியும் வந்தது.

1986 ஜனவரியில், லங்காமலை அடிவாரத்திலுள்ள ரெட்டிப்பள்ளி என்ற ஊருக்கு அருகே, உள்ளூர்க்காரர் ஒருவர் இரவில் விளக்கொளியில் மயங்கி நின்ற பறவை ஒன்றைக் கையால் பிடித்தார். மார்பில் இரண்டு பட்டைகள், தொண்டையில் செம்பழுப்புத் திட்டு, நுனி கறுத்த மஞ்சள் அலகு என எல்லாம் நூலில் உள்ளபடியே இருந்தன. 86 ஆண்டுகளுக்குப் பிறகு பறவை கிடைத்துவிட்டது. அப்போது முதிய வயதில் இருந்த சாலிம் அலியை இச்செய்தி பெரிதும் மகிழ்வித்தது. ஆனால் பிடிபட்ட அந்தப் பறவை பிழைக்கவில்லை. மீண்டும் கண்டெடுத்த நாளிலேயே, இதைக் கையில் பிடித்துத்தான் அறிய வேண்டும் என்றால் ஒன்றும் மிஞ்சாது என்ற பாடமும் கிடைத்தது.

1988-இல் அப்பகுதி ஸ்ரீ லங்காமல்லேஸ்வர வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பறவையின் பொருட்டு இவ்வளவு பெரிய காடு காக்கப்படுவது இந்தியாவில் அரிது.

காலடித் தடமும் குரலும்

காடு காக்கப்பட்டது, ஆனால் அதில் எத்தனை பறவைகள் உள்ளன, எந்தெந்த இடத்தில் உள்ளன என்பது தெரியவில்லை. இருட்டில் முட்புதர்களுக்கிடையே ஒளிந்து ஓடும் பறவையைக் கண்ணால் பார்த்து எண்ணுவது நடக்கக்கூடியதன்று. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் பிற அமைப்புகளும் இணைந்து புதிய ஆய்வைத் தொடங்கின. களத்தில் இதை முன்னின்று நடத்தியவர் தமிழறிந்த ஆய்வாளர் ப. ஜெகநாதன்.

அவர்கள் முதலில் நாடியது காலடித் தடத்தை. புதர்களுக்கு இடையேயுள்ள வெளியில் சில மீட்டர் நீளத்துக்குச் சலித்த நுண்மண்ணைப் பரப்பிச் சமன்செய்வார்கள். இரவில் அதன்மேல் நடக்கும் பறவை தடம் பதித்துவிட்டுப் போகும். கல்குருவிக்கு முன்விரல்கள் மூன்று மட்டுமே, பின்விரல் இல்லை. கௌதாரி, காட்டுக்கோழி போன்றவற்றின் தடத்திலிருந்து இதைப் பிரித்தறிய இது உதவும். ஆள்காட்டி, கண்கிலேடி போன்றவற்றின் தடங்களோடு குழப்பம் வராதபடி விரல்களின் அளவையும் விரிவையும் அளந்து ஒப்பிட்டனர். தானே இயங்கும் ஒளிப்படக் கருவிகளை அவ்விடத்தில் வைத்து, தடம் பதித்தது இந்தப் பறவைதான் என்பதையும் உறுதிசெய்தனர். இம்முறை 2002-இல் ஆய்விதழில் வெளியானது.

அடுத்தது குரல். ஜெர்டன் சொன்ன அந்தச் சோகக் குரல் எது என்பது அதுவரை ஒலிப்பதிவாகக் கைவசம் இல்லை. ஜெகநாதனும் சைமன் வோட்டனும் முதன்முதலாகப் பதிவுசெய்த குரல்களைப் பற்றிய கட்டுரை 2004-இல் வந்தது. 'ட்விக்-டூ, ட்விக்-டூ' என இரண்டு அசைகளை விட்டுவிட்டுச் சொல்வது போன்ற குரல் அது. கதிரவன் மறைந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆனபின், சில நிமிடங்கள் மட்டும் பறவைகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுக்கும். பிறகு காடு அமைதியாகிவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டவர் இரவெல்லாம் காத்திருந்தாலும் கேட்காமலே திரும்பலாம். பதிவுசெய்த குரலைப் புதிய இடத்தில் ஒலிக்கவிட்டு, பதில் வருகிறதா என்று கவனித்துப் பறவை இருப்பதை அறியும் வழியும் இதனால் திறந்தது.

வாழிடத்தின் கணக்கு

தடங்கள் பதிந்த இடங்களையும் பதியாத இடங்களையும் ஒப்பிட்டபோது வாழிடமும் தெளிவாயிற்று. வேலம், இலந்தை, களா போன்ற முட்செடிகள் உள்ள புதர்க்காடுதான் இதன் இடம். ஆனால் எல்லாப் புதர்க்காடும் இதற்கு ஏற்றதன்று. ஒரு ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரை பெரும்புதர்களும், 1000-க்குக் குறைவான சிறுபுதர்களும் உள்ள இடத்தில்தான் இதைக் காணும் வாய்ப்பு அதிகம் என்று 2004-இல் வெளியான ஆய்வு கூறியது.

காரணம் எளிது. புதர் மிக அடர்ந்தால் தரையில் ஓடி இரை தேட வெளி இராது. புதர் மிகக் குறைந்தால் பகலில் ஒளிய நிழல் இராது. இதன் முக்கிய இரை கறையானும் எறும்பும். அவற்றைப் பொறுக்கப் புதர்களுக்கிடையே வெற்றுத்தரை வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட இடைநிலைக் காடு நிலைத்திருப்பதில் ஊர்மக்களின் ஆடுமாடு மேய்ச்சலுக்கும் விறகு வெட்டுதலுக்கும் பங்கு உண்டு. மிகையாக மேய்ந்தால் புதர் அழியும். மேய்ச்சலையே அடியோடு நிறுத்தினால் புதர் அடர்ந்து மூடிக்கொள்ளும். இரண்டுமே இந்தப் பறவைக்குக் கேடு. வேலி போட்டு மனிதரை வெளியேற்றுவதே காடு காக்கும் வழி என்ற எண்ணத்தை இந்தப் பறவை கேள்விக்கு உள்ளாக்குகிறது.

ஒத்த பறவைகளிலிருந்து பிரித்தறிதல்

மாணவர்களின் வசதிக்காக, இதனோடு குழப்பக்கூடிய பறவைகளின் வேறுபாடுகள் இங்கே தரப்படுகின்றன.

இந்தியக் கல்குருவி: உச்சந்தலையும் மார்பும் செம்பழுப்பு, கண்வழியே கருங்கோடு, அதற்கு மேல் வெண்புருவம், வயிற்றில் கருந்திட்டு. மார்பில் பட்டைகள் இல்லை. பகலில் திறந்த தரிசிலும் உழுத நிலத்திலும் காணலாம். தமிழ்நாட்டிலும் உண்டு.

மஞ்சள் மூக்கு ஆள்காட்டி: தலையில் கருந்தொப்பி போன்ற நிறம், அலகடியில் மஞ்சள் சதைமடல். மார்பில் இரட்டைப் பட்டை இல்லை. வறண்ட வெட்டவெளிப் பறவை. மனிதரைக் கண்டால் ஓசை எழுப்பி மேலே சுற்றும்.

கண்கிலேடி: உருவில் மிகப் பெரியது, ஏறத்தாழ 41 செ.மீ. உடலெங்கும் கோடுகள், பெரிய மஞ்சள் கண். இரவில் உரக்கக் கூவும். பெரிய கண்ணும் இரவு வாழ்க்கையும் பொதுவாக இருந்தாலும் உருவ அளவே வேறுபாட்டைக் காட்டிவிடும்.

பக்கி: இரவில் விளக்கொளியில் தரைமேல் கண் மின்னக் காணப்படும். ஆனால் கால்கள் மிகக் குட்டை. நின்று ஓடாது, தரையோடு ஒட்டிக் கிடந்து திடீரெனப் பறந்தெழும்.

கால்வாய் வந்தபோது

அடையாளம் காணும் கலை வெறும் பொழுதுபோக்கா என்று கேட்பவர்களுக்கு 2005-ஆம் ஆண்டு நிகழ்ச்சி விடையாகும். தெலுங்கு கங்கைத் திட்டம் சென்னைக்குக் கிருஷ்ணா ஆற்று நீரைக் கொண்டுவர 1983-இல் செய்துகொண்ட உடன்பாட்டோடு தொடர்புடையது. ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களுக்குப் பாசனம் தருவதும் அதன் நோக்கம். அத்திட்டத்தின் கால்வாய் வேலைக்காக 2005-இல் இயந்திரங்கள் இந்தப் பறவையின் வாழிடத்துக்குள் புகுந்து மண் தோண்டத் தொடங்கின.

அந்த நேரத்தில் ஆய்வாளர்களிடம் ஐந்தாண்டுகளின் தடக்கணக்கு இருந்தது. எந்தப் புதர்க்காட்டில் பறவை நடமாடியது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. வனத்துறை தலையிட்டது; வேலை நின்றது; பின்னர்க் கால்வாயின் பாதை மாற்றியமைக்கப்பட்டது. 1985-இல் இதே கால்வாய் தோண்டப்பட்டிருந்தால் அங்கே ஒரு பறவை இருக்கிறது என்று சொல்ல ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். சென்னையில் குழாயடியில் குடம் நிறைப்பவருக்கும் கடப்பாவின் களாப்புதருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. தண்ணீரும் வேண்டும், பறவையும் வேண்டும் என்பதே நியாயம். அதற்குப் பறவை எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே முட்டை

இந்தப் பறவையின் கூடு, முட்டை, குஞ்சு பற்றி நெடுங்காலம் எதுவும் தெரியாது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இப்பறவையுடையது எனக் குறிப்பிட்ட ஒரு முட்டை இருந்தது. கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவராக இருந்த ஒருவர் 1917-ஆம் ஆண்டுவாக்கில் சேகரித்தது அது. பழைய பாடம் செய்த பறவையிலிருந்து எடுத்த மரபணுவோடு ஒப்பிட்டு, அது ஜெர்டன் கல்குருவியின் முட்டையே என்று 2013-இல் உறுதிசெய்தனர்.

இதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது கோலார் என்ற இடப்பெயர். 1900-க்குப் பிறகு எவரும் காணவில்லை என்று நாம் எண்ணிய காலத்தில், இன்றைய கர்நாடகப் பகுதியில் இது முட்டையிட்டு வாழ்ந்திருக்கிறது. பறவை மறையவில்லை, அதை அறிந்து பார்ப்பவர் இல்லை. அந்த இடைக்காலத்தில் எத்தனை புதர்க்காடுகள் வயலாகவும், பழத்தோட்டமாகவும், கல்குவாரியாகவும் மாறின என்று எண்ணிப் பார்த்தால் தாமதத்தின் விலை விளங்கும்.

இன்றைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிக அருகிய இனம்' என்ற பிரிவில் வைத்துள்ளது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையிலும் இது இடம்பெறுகிறது. 2000-களின் இறுதிக்குப் பிறகு உறுதியான பதிவுகள் மிக அரிதாகிவிட்டன. ஆய்வாளர்கள் இன்று தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளையும் இரவு ஒளிப்படக் கருவிகளையும் நம்பித் தேடுகின்றனர்.

புதர்க்காடு நம் பேச்சில் 'பொட்டல்', 'தரிசு', 'முள்காடு' என்ற சொற்களால் இகழப்படுகிறது. மரம் உயர்ந்து நிழல் தந்தால்தான் காடு என்று பாடநூலும் சொல்லிக்கொடுத்துவிட்டது. அரசுக் கணக்கேட்டில் பயனற்ற நிலம் என்று எழுதப்படும் பல இடங்கள் இத்தகைய முள்காடுகளே. தமிழ்நாட்டிலும் அவை உண்டு. இந்தியக் கல்குருவியும் கண்கிலேடியும் ஆள்காட்டியும் அவற்றையும் தரிசுகளையும் நம்பியே வாழ்கின்றன. அங்கே ஆடு மேய்ப்பவர் ஒரு பறவைக்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டு, அது பகலில் வருமா இரவில் வருமா, எப்படிக் கத்தும் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது எந்த மாணவராலும் செய்யக்கூடிய பணி. கலிவிக்கோடியை 86 ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தந்தது அப்படிக் கேட்ட ஒரு கேள்விதான்.